‘கம கொஹெத?’ என்று கேட்கும் முன்

கொழும்பு அலுவலகங்களில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், முதல் தேத்தண்ணி நேரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும். சிங்களத்தில் ‘கம கொஹெத?’, நம்மவர்கள் கேட்டால் ‘சொந்த ஊர் எது?’. மாத்தறை என்று பதில் வந்தால், தயிர்ச் சட்டி எப்போது வரும் என்று பகிடி விடுவார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்கிறார்கள்.

வேலைத்தலங்களில் ஆட்கள் மனம்விட்டுக் கதைத்துப் பழகுவதற்கான பயிற்சி வகுப்புகளை நடத்துவது என் தொழில். கொள்ளுப்பிட்டியில் ஒரு வகுப்பு, இந்த ஒரு கேள்வியிலேயே அரை நாள் நின்றுவிட்டது. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

கணக்குப் பிரிவில் சேர்ந்த ஓர் இளைஞர், ஊர் வவுனியா. பிரிவுத் தலைவர் ஐம்பது தாண்டிய சிங்களவர், நல்ல மனிதர். வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். ‘கொழும்புதான் சேர்’ என்று பதில். ‘அது சரி மல்லி (தம்பி), உண்மையான ஊர்?’ என்று அவர் சிரிக்க, பையன் அன்றோடு வாயை மூடிக்கொண்டார். மூன்று மாதம் கழித்துத் தலைவர் என்னிடம் சொன்னார்: ‘மல்லி எதையோ மறைக்கிறார்.’

பையனிடம் தனியாகக் கேட்டேன். 2007 ஜூன் 7 அதிகாலை. வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பக்கத்து விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அதை நிறுத்தியது. அந்த பஸ் ஒன்றில் அவருடைய பெரியப்பா இருந்தார். ‘எங்கட வீட்டில ஊர் எது என்று கேட்கிறது பொலிஸ்தான் மிஸ். வவுனியா என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வருமோ தெரியாது.’

அவர் சம்மதித்த பிறகுதான் இருவரையும் உட்கார வைத்தேன். கதையைக் கேட்டதும் தலைவர் சொன்ன முதல் வாக்கியம்: ‘நான் அப்படி நினைத்துக் கேட்கவில்லையே!’ உண்மைதான். ஆனால் அந்த வாக்கியம் முதலில் வந்துவிட்டால், நொந்தவர் நொந்ததை விட்டுவிட்டு எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார். அதை இரண்டு நிமிடம் அடக்கி வையுங்கள், இப்போது கேட்ட கதையைப் பற்றி ஏதாவது கேளுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அதுக்குப் பிறகு பெரியப்பா கொழும்புக்கு வந்தாரா?’ என்றார். வரவே இல்லையாம். அங்கிருந்துதான் அவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள்.

சம்மதத்தைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம், நான் பட்ட பாடம். தொழிலுக்கு வந்த புதிதில், ‘பாகுபாடு காட்டப்பட்ட ஓர் அனுபவத்தை எல்லோரும் சொல்லுங்கள்’ என்று வட்டமாக உட்கார வைத்துக் கேட்டேன். ஒரு பெண் எழுந்து போனார், திரும்பி வரவில்லை. இன்னொரு முறை வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வகுப்பு வைத்துவிட்டு, முஸ்லிம்கள் ஏன் வரவில்லை என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜும்ஆ நேரம்! சேர்த்துக்கொள்வதைப் பற்றிய வகுப்பு அது.

சிங்களவர் கேட்டால் மட்டும்தான் ஊர்க் கேள்வி குத்தும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கொள்ளுப்பிட்டி வகுப்பிலேயே ஹற்றனிலிருந்து வந்த பெண் ஒருவர், மூத்த தமிழ் அலுவலர் தன்னிடம் கேட்டதைச் சொன்னார்: ‘ஹற்றன்ல டவுனா, தோட்டமா?’ 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தோட்டக் குடும்பத்தின் பேத்தி அவர். ‘இதைச் சிங்கள ஆட்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை’ என்றார். அறையில் இருந்த தமிழர்கள் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தோம். நானும்தான்.

அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையில், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களின் வரிசையில் இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றோடு பிறந்த இடமும் இருக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் போட முடியும். தனியார் கம்பனியில் மேலதிகாரி சொன்ன ஒரு சொல்லுக்காக அந்த வழியில் போக முடியாது. அங்கே பெரும்பாலும் கதைத்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

மொழிப் பிரச்சினையும் அப்படித்தான். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. தனியார் அலுவலகக் கூட்டத்தில் நடப்பது வேறு: ஆங்கிலத்தில் தொடங்கும், பகிடியும் கடைசி முடிவும் சிங்களத்தில் நடக்கும். விளங்காதவர் கூடச் சேர்ந்து சிரிப்பார், தலையாட்டுவார், பிறகு பக்கத்து மேசையில் விசாரிப்பார். கூட்டம் முடியும் முன், ‘அந்த முடிவை மட்டும் ஆங்கிலத்தில் ஒருக்கா சொல்லுங்களேன்’ என்று கேட்கச் சொல்வேன். அதைவிட, சிங்களமும் தெரிந்த தமிழர் ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்காகக் கேட்பது நல்லது. தெரியாதவர் என்ற பெயர் யாருக்கும் வராது.

நொந்தவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஆறப்போட்டு ஆறு மாதம் கழித்துச் சண்டையில் எடுக்காதீர்கள். முடிந்தால் அன்றைக்கோ மறுநாளோ, தனியாக. ‘நீங்கள் இனவாதி’ என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றப் பார்ப்பார். ‘நேற்று இப்படிக் கேட்டீர்கள், எனக்கு இது நினைவுக்கு வந்தது’ என்றால் கேட்க ஏதோ மிஞ்சும். வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் சொல்பவரிடம் இது எடுபடாது. அதை எழுதி மனிதவளப் பிரிவுக்குக் கொடுங்கள்.

அந்தப் பிரிவுத் தலைவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. ‘சரி மிஸ், ஊரைக் கேட்கக் கூடாதென்றால் புதிதாக வருபவரிடம் என்னதான் கேட்கிறது?’ முதலில் உங்கள் ஊரை நீங்கள் சொல்லுங்கள், அவர் விரும்பினால் சொல்லட்டும் என்றேன். அது அவருக்குப் போதவில்லை, கேட்க ஒரு கேள்வி வேண்டுமாம். எல்லோருமாக இருபது நிமிடம் தேடினோம். கடைசியில் அவரே கண்டுபிடித்தார்: ‘பகலைக்கு என்ன சாப்பாடு?’

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: ‘நோன்பு மாதத்தில என்ன செய்யப் போறீங்க சேர்?’

அவர் கொப்பியைத் திறந்து, எழுதி வைத்ததற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.