கான்ட்ராஸ்ட்: துலக்கி

ஜவுளிக்கடையில் 'கான்ட்ராஸ்ட் பார்டர்' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாம்பழ மஞ்சள் புடவைக்கு அரக்குக் கரை, ஒன்று மற்றதை எடுத்துக்காட்டும். அதே சொல் ஸ்கேன் சென்டரில் 'கான்ட்ராஸ்ட் போட்டு எடுக்கணும்' என்று வந்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய உடம்புக்குள் செலுத்தும் மருந்துதான் அது.

லத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிர், 'ஸ்டாரே' என்றால் நிற்றல். அப்படியே தமிழாக்கினால் முரண். முரண் தொடையில் வரும் அதே முரண்தான். ஆனால் 'முரண் மருந்து' என்றால் உடம்புக்கு ஒவ்வாத மருந்தாகக் காதில் விழும். 'மாறுபாட்டு ஊடகம்' பிழையில்லை, பேச்சில் ஒட்டாது. எல்லோரும் சொல்வது 'டை', அதாவது சாயம். இதுதான் எனக்கு உறுத்தல்.

என் பெரியம்மாவின் ஃபைலில் 'டை அலர்ஜி' என்று மட்டும் எழுதியிருந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன இடத்தில் 'எந்த டை?' என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. பழைய காகிதங்களைக் கிளறியபோதுதான் அது சி.டி. ஸ்கேனுக்குப் போட்ட அயோடின் மருந்து என்று தெரிந்தது. எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது காடோலினியம் என்ற உலோகம் கொண்ட மருந்து. இரண்டும் வேறு வேறு பொருள். ஒன்று ஒவ்வாததால் மற்றதும் ஒவ்வாமல் போகும் என்றில்லை, ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

காடோலினியம் எதற்கும் சாயம் ஏற்றுவதில்லை. எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களிலிருந்து வருகிறது. ரேடியோ அலை தட்டியதும் நிலைமாறும் அவை, காடோலினியம் அருகில் இருந்தால் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த இடம் படத்தில் வெளுப்பாகத் தெரியும். 1880இல் ஜெனீவாவில் வேதியியலாளர் மரிஞ்ஞாக் கண்ட தனிமம் இது. பின்லாந்து வேதியியலாளர் யோஹான் காடோலின் பெயரைத் தாங்கிய காடோலினைட் கனிமத்திலிருந்து இதற்குப் பெயர் வந்தது.

தனி அயனியாகப் போனால் இது நஞ்சு. கால்சியம் அயனியின் அளவை ஒட்டியது என்பதால் அதன் இடத்தில் புகுந்து குழப்பும். அதனால் இன்னொரு மூலக்கூறு இதைக் கவ்விப் பிடித்திருக்கும்படி மருந்தைச் செய்கிறார்கள். கிரேக்கத்தில் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து இதற்கு 'கீலேட்' என்று பெயர். நம் வேதியியலில் கொடுக்கிணைப்பு, அழகான சொல். வளையமாகச் சூழ்ந்த பிடி உறுதியானது, திறந்த சங்கிலிப் பிடி சற்றுத் தளர்வானது. சங்கிலி வகைகள் பலவற்றின் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் நிறுத்திவைத்தது.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் மருந்தின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும். சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் அது உள்ளேயே தங்கும். அப்படிப்பட்ட சிலருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் நோய் வந்ததற்கு இந்த மருந்தோடு தொடர்பு உண்டு என்று 2006இல் தெரிந்தது. அதனால்தான் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைக் கேட்கிறார்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மிக அவசியமானால் தவிர போட மாட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? என் தேர்வு 'துலக்கி'. பாத்திரம் துலக்குகிறோம், பல் துலக்குகிறோம், போலீஸ்காரர் துப்புத் துலக்குகிறார். மங்கலாய்க் கிடப்பதைத் துலங்க வைப்பது துலக்கி. சி.டி.க்கு அயோடின் துலக்கி, எம்.ஆர்.ஐ.க்கு காடோலினியத் துலக்கி. பெரியம்மாவின் ஃபைலில் இப்போது 'அயோடின் துலக்கி ஒவ்வாது' என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்திலேயே மருந்தின் பெயரையும் தேதியையும் குறித்து வைத்திருக்கிறேன்.