நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

சித்திரை வெயில் ஏறியதும் யாங்கூனில் என் கிளினிக்குக்கு வரும் பெண்களில் பலர் ஒரே மாதிரி ஆரம்பிப்பார்கள். "சயாமா (டாக்டரம்மா), ஒன்னுக்குப் போனா எரியுது, சூடு பிடிச்சிருச்சு." அதற்குள் இளநீர் குடித்திருப்பார்கள், மோரில் வெந்தயம் ஊறவைத்து விழுங்கியிருப்பார்கள், தொப்புளில் விளக்கெண்ணெயும் வைத்திருப்பார்கள். இதனாலெல்லாம் கெடுதல் ஒன்றும் இல்லை. எனக்குக் கவலை தருவது அதற்கு அடுத்து நடப்பதுதான். தெருமுனைக் கடையில் போய் "நீர்க்கடுப்புக்கு ரெண்டு வேளை குடுங்க" என்று கேட்பார்கள். கடைக்காரர் சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாக சிப்ரோ) என்ற கிருமிக்கொல்லி மருந்தின் பட்டையிலிருந்து நான்கு மாத்திரையைக் கத்தரித்து, பெயரே தெரியாத ஒரு வெள்ளை மாத்திரையையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கும். சில வாரத்தில் திரும்ப வரும், முன்னைவிடப் பிடிவாதமாக.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி எரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எரிச்சல் நாலைந்து டம்ளர் தண்ணீர் உள்ளே போனதும் போய்விடும். கிருமித் தொற்று அப்படிப் போகாது. அடிக்கடி முட்டும், போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அடிவயிறு கனக்கும், சிறுநீர் கலங்கும், சில சமயம் ரத்தமும் தெரியும். இதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா. மலவாய்ப் பக்கத்திலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து மேலே ஏறும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ.தான், ஆண்களுக்கோ 20 செ.மீ. வரை. பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒரு முறை இது வருகிறது. அதனால் தயவுசெய்து இதைச் சுத்தக்குறைவு என்றோ நடத்தை என்றோ யாரும் பேச வேண்டாம். வெட்கப்பட்டு மறைத்தே பலர் சிறுநீரகம் வரை ஏற விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊர் நிலைமையும் இதற்குத் துணைபோகிறது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் குடியிருப்பவர்களுக்கு மின்சாரம் இருந்தால்தான் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறும். கழிப்பறைக்குத் தண்ணீர் இருக்காதே என்று குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பகோவுக்கோ மோல்மேனுக்கோ பஸ் ஏறினால், வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்று காலையிலிருந்தே வாயில் தண்ணீர் வைக்காத அக்காமார்களை எனக்கு நன்றாகத் தெரியும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே பயன்படும். நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்து, அடிக்கடி நீர்க்கடுப்பில் அவதிப்பட்ட 140 பெண்களில் பாதிப் பேரை மட்டும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்கவைத்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குத் தொற்று வந்த தடவைகள் மற்றவர்களுக்கு வந்ததில் ஏறக்குறைய பாதிதான். மருந்தே இல்லாமல் கிடைத்த பலன் இது.

சரி, சோதனைக்கு வருவோம். சிறுநீரில் தோய்க்கும் பட்டையில் நைட்ரைட்டும் வெள்ளணுவும் தெரிந்தால் தொற்று என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. முதல் தடவை, காய்ச்சல் இல்லை, கர்ப்பம் இல்லை, ஆரோக்கியமான பெண் என்றால் அதுவே போதும். ஆனால் திரும்பத் திரும்ப வந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, நோயாளி ஆணாகவோ குழந்தையாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தாலோ கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, கட்டாயம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அதுதான் சொல்லும். முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். விழுங்கிய பிறகு கொடுத்தால் கிருமி பாதி அடங்கியிருக்கும், கல்ச்சரில் எதுவும் வளராது, நாங்களும் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

எடுக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் கழுவிய ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தால் அதில் வளர்வது பாட்டில் கிருமியாகவும் இருக்கலாம். லேபில் கொடுக்கும் மூடி போட்ட குப்பியை வாங்குங்கள். தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். குப்பியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேப் கைக்குப் போய்விட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று புத்தகம் சொல்லும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதை நம்பாதீர்கள். லேபுக்கே போய் அங்கே எடுத்துக் கொடுப்பது நல்லது.

மருந்து விஷயத்தில் என் கருத்து உறுதியானது. சாதாரண நீர்ப்பைத் தொற்றுக்கு சிப்ரோ முதல் மருந்து அல்ல. 2016-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வேறு மருந்து இருக்கும்போது இந்த வகையைச் சாதாரணத் தொற்றுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. தசைநாணையும் நரம்பையும் பாதிக்கும் என்பதே காரணம். ஐந்து நாள் நைட்ரோஃபுரான்டாயின், அல்லது ஒரே வேளை ஃபாஸ்ஃபோமைசின் பொடி, இவைதான் முன்னே வர வேண்டும். ஆனால் பர்மாவில் நைட்ரோஃபுரான்டாயினையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. மலேரியா இருந்த மண்ணில் ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) அதிகம், இங்கேயும் அப்படித்தான். அது உள்ளவருக்கு நைட்ரோஃபுரான்டாயின் கொடுத்தால் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரலாம், சிறுநீர் கறுக்கலாம். செப்ட்ரின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்தையும் எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும். மலேரியாவுக்கு பிரைமாக்வின் சாப்பிட்டு யாருக்காவது சிறுநீர் கோலா நிறத்தில் போயிருந்தால், அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இங்கே முக்கியம். சிறுநீரில் சீழணு நிறைய இருக்கும், ஆனால் கல்ச்சரில் ஒன்றுமே வளராது. மாதக்கணக்கில் மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்காது. அப்போது காசநோயை நினைக்க வேண்டும். பர்மா காசநோய்ச் சுமை அதிகமுள்ள நாடுகளில் ஒன்று, அது நுரையீரலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்துக்கும் நீர்ப்பைக்கும் போகும். சிப்ரோ வகை மருந்து காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கி வைப்பதால், கடை மாத்திரை நோயை இன்னும் ஆழமாக மறைத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிறுநீரில் காசநோய்ச் சோதனையும் ஸ்கேனும் தேவை. கல் இருந்தாலும், பால்வினைத் தொற்று இருந்தாலும் இதே மாதிரி தோன்றலாம் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுவோம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்று வந்தால் அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று அர்த்தம். நைட்ரோஃபுரான்டாயின் அங்கே வேலை செய்யாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எரிச்சல் எதுவும் இல்லாத பாட்டிக்கு, ரிப்போர்ட்டில் கிருமி வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பிள்ளைகள் மருந்து கேட்பதுண்டு. சர்க்கரை நோய் இருந்தாலும் சரி, அறிகுறி இல்லாவிட்டால் பொதுவாக மருந்து வேண்டாம். கர்ப்பிணிகள் விஷயம் வேறு. அவர்களுக்கு எரிச்சலே இல்லாமல் கிருமி இருந்தாலும் சிறுநீரகத்துக்கு ஏறவும், பிரசவம் முந்தவும் வாய்ப்புண்டு. 12-ஆம் வாரத்திலிருந்து 16-ஆம் வாரத்துக்குள் ஒரு கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து எழுதும்போது எத்தனையாவது மாதம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் செப்ட்ரினைத் தவிர்ப்போம், பிரசவம் நெருங்கும்போது நைட்ரோஃபுரான்டாயினைத் தவிர்ப்போம். அதையெல்லாம் பார்த்துத்தான் மருந்தும் அளவும் முடிவாகும்.