உறக்கத்தில் முடிவடையும் படிப்பு

கோடை விடுமுறையில் வேலைக்குச் செல்லத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் ஒரு கணக்குடன்தான் தொடங்குகிறார். ஒரு நாளில் 24 மணி நேரம் இருக்கிறது. வேலைக்கு 8 மணி நேரம் போனால் படிப்புக்கு 4 மணி நேரம் ஒதுக்கலாம். மற்ற அலுவல்கள் போக மிஞ்சியதில் உறங்கிக்கொள்ளலாம். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகவே வரும். ஆயினும் சில வாரங்களில் புத்தகத்தைத் திறந்ததும் கண் செருகுகிறது, முந்தைய நாள் படித்தது நினைவுக்கு வருவதில்லை, ஓய்வு நாளில் நண்பகல் வரை எழுந்திருக்க முடிவதில்லை. இதற்குச் சோம்பல் என்று பெயரிட்டு வீட்டார் கண்டிப்பதும், மாணவர் தம்மைத் தாமே நொந்துகொள்வதும் நியாயமன்று. எல்லா மணி நேரமும் ஒன்றுக்கொன்று சமம் என்று எண்ணியதே அந்தக் கணக்கின் பிழை.

நாளின் எந்த வேளையில் மூளை விழிப்பாக இருக்கும், எப்போது உறக்கத்தை நாடும் என்பதை இரண்டு விசைகள் தீர்மானிக்கின்றன என்று சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982-ஆம் ஆண்டில் விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறிக்கொண்டே போகும் உறக்க அழுத்தம். மூளை ஆற்றலைச் செலவிடுகையில் சேரும் அடினோசின் என்னும் வேதிப்பொருளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு; உறங்கும்போது அதன் அளவு குறைகிறது. மற்றொன்று உடலின் உட்கடிகாரம். மனிதர்களில் இதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது என்பதால், காலை வெளிச்சம் அதை நாள்தோறும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வகுப்புகள் நடக்கும் மாதங்களில், குறித்த நேரத்தில் வெளியே கிளம்பும் கட்டாயமே இந்தத் திருத்தத்தை நாம் அறியாமல் செய்துவந்தது. விடுமுறையில் அந்தக் கட்டாயம் விலகுகிறது, இரவில் திரைகளின் வெளிச்சம் சேர்கிறது, உறக்க நேரம் சிறிது சிறிதாகத் தள்ளிப்போகிறது. பதின்ம வயதில் இந்தக் கடிகாரம் இயல்பாகவே தாமதமாக ஓடும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலை நாளில் 6 மணிக்கும் ஓய்வு நாளில் 11 மணிக்கும் எழுபவரின் உடல், வாரந்தோறும் தொலைதூர நாட்டுக்கு விமானத்தில் போய்த் திரும்புபவரின் உடலைப் போலத் தடுமாறுகிறது.

உறக்கத்தைக் குறைத்துப் படிப்பைக் கூட்ட முடியாமல் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என் பார்வையில் அதுவே முதன்மையானது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜென்கின்சும் கார்ல் டாலன்பாக்கும் 1924-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மாணவர்கள் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தனர். 1, 2, 4, 8 மணி நேரங்களுக்குப் பின் அவர்களுக்கு எத்தனை நினைவிருக்கிறது என்று சோதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் உறங்கி எழுந்தபோது, விழித்திருந்த வேளைகளைவிட அதிகமான அசைகள் நினைவில் நின்றன. பிற்கால ஆய்வுகள் இதன் காரணத்தைத் தெளிவாக்கின. புதிதாகக் கற்றது முதலில் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியைச் சார்ந்திருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் அதே நரம்புச் செல் வரிசைகள் மீண்டும் துடித்து, அந்த நினைவு மூளையின் வெளி அடுக்கான மூளைப்புறணியில் படிப்படியாக உறுதிப்பட உதவுகின்றன. ஆகவே மாலையில் படித்த பாடத்தின் ஒரு பகுதி வேலை நள்ளிரவுக்குப் பின்தான் நடக்கிறது. உறக்கத்தை வெட்டுபவர் ஓய்வைக் குறைக்கிறோம் என்றே எண்ணுகிறார். உண்மையில் அந்த வெட்டு படிப்பின் மீதும் விழுகிறது.

குறைவாக உறங்குபவர் தம் நிலையைத் தாமே அறிவதும் எளிதன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கனும் உடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே உறங்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவுகள் முழுவதும் கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் தங்களுக்குச் சற்றே தூக்கக் கலக்கம் இருப்பதாகத்தான் அவர்கள் உணர்ந்தார்கள். ஆறு மணி நேர உறக்கம் பழகிவிட்டது என்று சொல்லும் மாணவரைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். அவருக்குப் பழகியிருப்பது பெரும்பாலும் களைப்பே. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும், பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாமலும் உறக்கம் தேவை என்பதே மருத்துவர்களின் பரிந்துரை. இப்படிச் சேரும் உறக்கக் கடனைக் காபி அடைக்காது. அதிலுள்ள காஃபின், அடினோசின் சென்று பொருந்தும் இடங்களை மறைத்துக்கொள்வதால் களைப்பு சில மணி நேரம் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவே. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் மிச்சமிருக்கும். கோடை வெப்பமும் இடையூறு செய்கிறது. உறக்கம் தொடங்கும் வேளையில் உடலின் உள்வெப்பம் சற்றே இறங்க வேண்டும். புழுக்கமான அறை அதைத் தடுக்கிறது.

வேலை படிப்பைக் கெடுத்துவிடும் என்னும் அச்சத்தில் பாதிதான் உண்மை. ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, ஆறு நாட்களில் அரை மணி நேரமாகப் பிரித்துப் படித்தால் அது நெடுநாள் நிற்கிறது. படித்தவற்றின் மறதியை 1885-இல் தம்மையே சோதனைப் பொருளாக்கி அளந்துகாட்டிய ஹெர்மன் எபிங்ஹாஸ் இதையும் கவனித்திருந்தார். வேலைக்குப் போகும் மாணவருக்கு இந்த இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. அவரிடம் இருக்கும் அரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதற்கு, ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டுகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடங்கள் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும், மீண்டும் வாசித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். நினைவிலிருந்து மீட்பதற்கு மேசையோ அமைதியான அறையோ தேவையில்லை. வேலைக்கு நடந்து செல்லும் வழியிலேயே செய்யலாம்.

ஆனால் வேலை முடிந்த மறுநிமிடமே கடினமான பாடத்தில் இறங்குவது பயன் தராது. ஒரு பணியை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது முந்தைய பணியின் எச்சம் கவனத்தில் தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். குளித்து, உண்டு, சற்று நடந்துவிட்டு வருவதை வீணான நேரம் என்று யாரும் எண்ண வேண்டாம். புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியதைக் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், வெளிச்சம் விழும் இடத்தில் அமர்ந்து படித்தால் கடிகாரத்தின் திருத்தமும் கூடவே நடந்துவிடும். இரவில் 20 நிமிடங்கள் போதும். வெற்றுத் தாளில் நினைவிருப்பதை எழுதி, வராத இடங்களைப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடலாம். மீதி வேலையை ஹிப்போகேம்பஸ் எடுத்துக்கொள்ளும்.