படகுக் கழிவறைக்காக அடித்தட்டில் போட்ட இரண்டு ஓட்டைகள்

மலேசியத் தீவான லங்காவியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. பாய்மரப் படகிலேயே குடியிருக்கும் வயதான தம்பதி. படுக்கையிலிருந்து இறங்கினால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். படகில் விரிசல் எதுவும் இல்லை. கழிவறைக் கிண்ணம்தான் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. இரவில் போனவர் கைப்பம்பின் சிறு நெம்புகோலைத் தண்ணீர் வரும் பக்கமே விட்டிருக்கிறார். கடல் வால்வையும் மூடவில்லை. கழிவறைக்குக் கடல்நீர் வர ஒன்று, கழிவு வெளியேற ஒன்று என்று படகின் அடியில் இரண்டு ஓட்டைகள் உண்டு; அவற்றை மூடித் திறப்பவைதான் கடல் வால்வுகள்.

பல படகுகளில் கிண்ணத்தின் விளிம்பு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும். நீர் ஒருமுறை ஓடத் தொடங்கினால் நிற்காது. அதைத் தடுக்கத்தான் ஹோஸை மேலே வளைத்து, உச்சியில் காற்றை உள்ளே விட்டு அந்த ஓட்டத்தை அறுக்கும் ஒரு காற்று வால்வு வைக்கிறோம். படகு சாய்ந்து ஓடும்போதும் அந்த வளைவு நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே வரும் குழாயில் இதைப் பம்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் வைக்க வேண்டும். பம்புக்கு முன்னால் வைத்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். இந்தப் படகிலும் வளைவு இருந்தது. ஆனால் காற்று வால்வின் ரப்பரை உப்பு ஒட்டவைத்திருந்தது; காற்று நுழைய வழியில்லை. வருடத்தில் இரண்டு தடவை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினால் போதும், இது நடக்காது.

பம்பைப் பிரிப்பதற்கு முன் இரண்டு கடல் வால்வையும் மூட வேண்டும். உள்வழி வால்வு மூடியது. வெளிவழி வால்வு அசையவே இல்லை. அங்கேயே வேலையை நிறுத்திவிட்டேன். 60 செ.மீ. ஆழத்தில் 38 மி.மீ. ஹோஸ் கழன்றால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். தயவுசெய்து ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஓட்டையை அடைக்க அளவான மரக்கட்டை ஒன்றைக் கட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள்.

படகைக் கரையேற்றியதும் காரணம் தெரிந்தது. யாரோ வெண்கலத்துக்குப் பதில் சாதாரணப் பித்தளை வால்வைப் போட்டிருந்தார்கள். உப்புநீரில் துத்தநாகம் கரைந்துபோய், சுரண்டிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது. சுத்தியலால் லேசாகத் தட்டியதும் உடைந்தது.

அப்புறம் வெளிவழி ஹோஸ். என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம் இருந்தது. சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து படியும் சுண்ணாம்பு அது. கழிவு திரும்பி வராமல் தடுக்கும் ஜோக்கர் வால்வின் ரப்பர் உதடுகளிலும் அதே வெள்ளைக் கல். வாய் மூடாமல் பிளந்து நின்றது. கிண்ணத்துக்குக் கழிவு திரும்பி வந்ததும் அதனால்தான். பழைய ஹோஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, சர்வீஸ் கிட்டில் வரும் ரப்பர், ஓ-ரிங் எல்லாவற்றையும் மாற்றி, பிஸ்டனுக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவினேன்.

மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றிச் சில மணி நேரம் விட்டுக் கழுவினால் படிவு இந்த அளவுக்குப் போகாது. வினிகரோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பிளீச் தனியாகவே ரப்பரைக் கெடுக்கும்.

ஆனால் அதைவிட முக்கியம் எத்தனை தடவை பம்ப் அடிக்கிறோம் என்பது. 38 மி.மீ. ஹோஸில் மீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் நிற்கும். இவர்களுடையது மூன்று மீட்டர். அளந்து ஊற்றி எண்ணிப் பார்த்தோம். முழுதும் வெளியேறப் பதினான்கு தடவை பம்ப் அடிக்க வேண்டியிருந்தது. இத்தனை நாளும் ஐந்தோடு நிறுத்தியிருக்கிறார்கள்; மீதி ஹோஸிலேயே தங்கியிருக்கிறது. அந்த அம்மா ஒரு அட்டையில் 14 என்று பெரிதாக எழுதி, அதன் கீழே நெம்புகோல், இரண்டு வால்வு என்றும் எழுதி, பம்புக்கு மேலே ஒட்டிவிட்டார்.