வீட்டு டாப்ளரில் கேட்பது யாருடைய துடிப்பு?

"சத்தம் நல்லா கேட்டுச்சு டாக்டர்" என்றுதான் அந்தப் பெண் சொன்னார். எட்டாம் மாதம். இரண்டு நாளாகக் குழந்தையின் அசைவு குறைந்திருந்தது. வயிற்றிலுள்ள குழந்தையின் துடிப்பைக் கேட்க உதவும் டாப்ளர் என்ற கையடக்கக் கருவி வீட்டில் இருந்தது; அதை வயிற்றில் வைத்துப் பார்த்திருக்கிறார். டக் டக்கென்று கேட்டதும் மனம் ஆறிவிட்டது. நான் ஸ்கேன் செய்தபோது குழந்தையின் இதயம் நின்றிருந்தது. அவர் கேட்டது தன் ரத்தக்குழாயின் ஓட்டத்தை.

இது எப்படி நடக்கும்? சைரன் ஒலிக்கும் வண்டி நெருங்கி வரும்போது ஒலியலைகள் நெருக்கப்பட்டுச் சுருதி ஏறிக் கேட்கும். கடந்து போனதும் இறங்கிவிடும். வண்டிக்குள் இருக்கும் ஓட்டுநருக்கு எந்த மாற்றமும் தெரியாது. 1842-ல் இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் விண்மீன்களின் ஒளியை மனத்தில் வைத்து எழுதியது இதைத்தான்.

நம் கருவி நொடிக்குச் சுமார் 20 லட்சம் அதிர்வுகள் கொண்ட அலையை உடலுக்குள் அனுப்புகிறது. 20,000-க்கு மேல் மனிதக் காதுக்கு எட்டாது. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி வரும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும்போது, அந்த 20 லட்சத்தோடு சுமார் 1,300 கூடுகிறது. போனதையும் வந்ததையும் கழித்து, மிச்சமுள்ள 1,300-ஐத்தான் கருவி ஸ்பீக்கரில் விடுகிறது. ஆக, ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது போன்ற இதயத்தின் சத்தம் அல்ல இது. ஏதோ ஒன்று நகர்கிறது என்ற செய்தி, அவ்வளவுதான். நகர்வது தாயின் ரத்தமா, நஞ்சுக்கொடியில் ஓடும் ரத்தமா, குழந்தையின் இதயமா என்று கருவிக்குத் தெரியாது. ரத்த ஓட்டத்துக்குச் செங்குத்தாக அலை பட்டால் வித்தியாசமே இருக்காது. நலமாக உள்ள குழந்தையின் துடிப்பும் கேட்காமல் போகும்.

"எண்ணிப் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்பார்கள். குழந்தைக்கு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். ஆனால் காய்ச்சலிலும் பதற்றத்திலும் தாயின் நாடியும் 110-ஐத் தாண்டும். சரி, குழந்தையின் துடிப்பேதான் என்றாலும், ஆக்சிஜன் குறைந்து தவிக்கும் குழந்தைக்கும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் மருத்துவமனையில் 20 நிமிடமாவது தொடர்ந்து பதிவு செய்து, துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கிறோம்.

வழக்கமான அசைவு குறைந்தால் கருவியைத் தேடாதீர்கள். நள்ளிரவானாலும் உடனே கிளம்பி வாருங்கள். போன வாரம்தானே வந்தோம் என்று தயங்க வேண்டாம், மறுபடியும் பார்க்கிறோம்.