பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வேறு பாட்டு

நீலகிரிச் சோலைக்கிளி பெயரளவில்தான் கிளி. பார்த்தால் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருநீல உடம்பும் செம்பழுப்பு விலாவுமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே உள்ள இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயைத் தெற்கே தாண்டிப் பழனி மலைக்கோ மூணாறுக்கோ போனால் அதே நீலம், ஆனால் வயிறு வெள்ளை. இந்தப் பறவைகளை வெகுகாலம் இமயமலைக் குட்டைச் சிறகன்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2017-இல் வந்த மரபணு ஆய்வு அந்த உறவை மறுத்து, இவற்றுக்குத் தனிப் பேரினமே கொடுத்தது. அகத்தியமலையில் இருப்பதையும் தனி இனமாகப் பிரித்தது. அதைத் துணையினமாகவே வைத்திருக்கும் பட்டியல்களும் உண்டு.

கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். சிறகுள்ள ஒன்றுக்கு இது ஒரு தூரமா என்று தோன்றும். ஆனால் சோலைக்கிளி வாழ்வது ஏறக்குறைய 1,400 மீட்டருக்கு மேலே, மலையுச்சிப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் சோலைக்காட்டின் அடித்தளத்தில். வெயில் எட்டாத புதருக்குள் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசி வைத்துக் கூடு கட்டும். கணவாயின் தரையோ சில நூறு மீட்டர் உயரம்தான், வறண்ட வெக்கை. அதில் இறங்க இந்தப் பறவைக்குக் காரணமே இல்லை. இப்படிப் பிரிந்து கிடக்கும் மலையுச்சிகளை ஆய்வாளர்கள் ‘வானத் தீவுகள்’ என்பார்கள். போக்குவரத்து நின்றால் மரபணுக் கலப்பும் நிற்கும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் இரு பக்கமும் தனித்தனியே மாறிப்போகும். நீலகிரிச் சிரிப்பான், பழனிச் சிரிப்பான் என்ற பறவைகளும் பிரிந்து நிற்பது இதே கணவாயின் இரு கரைகளில்தான்.

பாட்டு மாறும் விதம் வேறு. இருட்டுப் புதருக்குள் நிறத்தைக் காட்டி என்ன பயன்? எல்லையைச் சொல்லவும் துணையை அழைக்கவும் குரல்தான் கைகொடுக்கும். பாடும் பறவைகளின் குஞ்சுகள் பாட்டைப் பெரியவற்றிடம் கேட்டுக் கேட்டுத்தான் பழகுகின்றன. கேட்டதில் ஒரு சுரம் விட்டுப்போகலாம், ஒன்று கூடலாம், பக்கத்துப் பறவையின் குரல்கூட ஒட்டிக்கொள்ளலாம். அதையே அடுத்த தலைமுறையும் படிக்கும். மரபணு மாற்றம்போல இதற்கு யுகங்கள் வேண்டாம்.

ஆறு இடங்களில் 38 சோலைக்கிளிகளின் 835 பாட்டுகளைப் பதிவு செய்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. பழைய பள்ளத்தாக்குகள் பிரித்த இடங்களில் பாட்டு வேறாக இருந்ததில் வியப்பில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த செய்தி: அண்மைக் காலத்தில் காடழிப்பால் துண்டான சோலைகளுக்கு இடையிலும் பாட்டில் வேறுபாடு தெரிந்தது. சில கூட்டங்களில் பிற பறவைகளைப் போலப் பாடிக்காட்டும் வழக்கம் இருந்தது, மற்றவற்றில் இல்லை. சோலையை வெட்டிவிட்டுத் தேயிலையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வேட்டில்) வைக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. மரபணுவில் பெரிய பிளவு தெரிய அந்தக் காலம் போதாமல் இருக்கலாம். பாட்டுக்குப் போதும்.