காமெடி கோடிங் சேலஞ்ச் வைக்கிறீங்களா, ரூல்ஸை முதல்ல எழுதிடுங்க

ஃப்ரெஷர்ஸுக்கு ட்ரெய்னிங் குடுக்கறது என் வேலை, அதனால காமெடி கோடிங் கேள்விக்கு நான் எதிரி இல்ல. பாடம் நடத்தினா தூங்கறவன்கூட "இருக்கறதுலயே மோசமா ஒரு சார்ட் எழுது"ன்னா, அதாவது நம்பர்களை வரிசைப்படுத்தற புரோகிராம், நிமிர்ந்து உக்காருவான். ஒருத்தன் போகோசார்ட் எழுதுவான், வரிசை தானா சரியா அமையற வரைக்கும் குலுக்கிக்கிட்டே இருக்கறது, பத்து நம்பருக்கே 36,28,800 விதம் வரும். இன்னொருத்தன் ஸ்லீப் சார்ட், அஞ்சுங்கற நம்பர் அஞ்சு செகண்ட் தூங்கி எழுந்து தன்னை பிரிண்ட் பண்ணிக்கும், அதனால சின்ன நம்பர் முதல்ல வரும். மைனஸ் நம்பர் குடுத்தா? அங்கதான் பாடமே ஆரம்பிக்குது.

ஆனா எல்லையில்லாம விட்டா சலிச்சுடும். 2013 கடைசில ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ங்கற கேள்வி பதில் தளத்துல, கோட் கோல்ஃப், அதாவது இருக்கறதுலயே சின்னதா கோட் எழுதற போட்டி ஆடற ஆளுங்க நடுவுல கோட் ட்ரோலிங் கிளம்புச்சு, சோம்பேறி மாணவன் ஹோம்வொர்க் கேக்கற மாதிரி கேள்வி, பார்க்க சரியா இருந்தும் அவனுக்கு உதவாத பதில். செம ஹிட்டு, ஆனா 2014லயே இனிமே வேண்டாம்னு முடிவாயிடுச்சு. என்னைக் கேட்டா, எது நல்ல பதில்னு அளக்க ஒண்ணுமே இல்லாம வெறும் ஓட்டுல ஓடின ஆட்டம் அது. இந்தப் பக்கம் 1984ல ஆரம்பிச்ச குழப்பமான சி புரோகிராம் போட்டியைப் பாருங்க, 1994ல ஒருத்தர் தன்னைத் தானே பிரிண்ட் பண்ற புரோகிராம்னு காலி ஃபைலை அனுப்பினார், ஜீரோ பைட்! ரூலை மோசமா வளைச்சதுக்குன்னே பரிசு குடுத்தாங்க, அந்த ஓட்டையையும் அடைச்சாங்க.

எனக்குப் பெரிய கவலை காப்பி பேஸ்ட்தான். ஃபோர்க் பாம் வெறும் 13 எழுத்து, ஓட்டினா தன்னையே ரெண்டு ரெண்டா பெருக்கிக்கிட்டே போய் மெஷினை உறைய வச்சுடும். ஃபைலை அழிக்கற "rm -rf" கமாண்ட் இப்பல்லாம் லினக்ஸ்ல ரூட்டை, அதாவது எல்லா ஃபோல்டருக்கும் மேல இருக்கற ஃபோல்டரைத் தொட மறுக்கும்தான், ஆனா உங்க ஹோம் ஃபோல்டரைக் காட்டினா கேள்வி கேக்காம அழிக்கும். அதனால ஃபைல், நெட்வொர்க், ப்ராசஸ் எதையும் தொடற ஜோக் என்கிட்ட செல்லாது. "இது விளையாட்டு"ங்கற வரியை கேள்வித் தலைப்புல போட்டா பத்தாது, கோடுக்குள்ளயே முதல் கமெண்ட்டா இருக்கணும், ஏன்னா காப்பி பண்றவன் தலைப்பை எடுத்துட்டுப் போறதில்ல.

அப்புறம், புதுசா கத்துக்கறவனோட சந்தேகத்தைக் கிண்டல் பண்ற கேள்வியை நான் படிச்ச உடனே தூக்கிடுவேன், விளக்கம்கூட குடுக்கறதில்ல.